இரண்டாம் பிரதியின் வாடகை

2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் தேதி இரவு அடையாற்றில் பெருகிவந்த வெள்ளம், ஜாபர்கான்பேட்டையில் இருந்த என் தமக்கையாரின் வீட்டுக்குள் மார்பளவு ஏறி, பிறகு மெல்ல வடிந்தபோது, கூடத்து மேஜையின் கீழே இருந்த கணினியும், அதில் உள்ளவற்றுக்கெல்லாம் ஒரு பிரதி இருக்கட்டும் என்று வாங்கி அதே மேஜையின் கீழறையில் பத்திரமாக வைத்திருந்த ஹார்டு டிஸ்கும் ஒரே சேற்றில் ஒரே நிறமாகக் கிடந்தன. வீட்டுக் கிரயப் பத்திரமும் நனைந்தே போயிற்று. தாள் தாளாகப் பிரித்து, மேலே மெல்லிய வேட்டித் துணியை விரித்து, சூடு தணிந்த இஸ்திரிப் பெட்டியால் ஒத்தி ஒத்தி உலர்த்தியும் மூன்று பக்கங்களில் மசி கரைந்து எழுத்து மறைந்துவிட்டது.

ஆயினும் பத்திரத்தைக் குறித்து அவர் நெடுநேரம் கலங்கவில்லை. 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி ஒரு கிரயம் பதிவாகும்போது அதன் பிரதி ஒன்று சார்பதிவாளர் அலுவலகத்தில் தங்கிவிடுகிறது என்பதும், மனுக் கொடுத்தால் முத்திரையிட்ட நகல் கிடைக்கும் என்பதும் நம் ஊரில் எழுதப் படிக்கத் தெரியாதவரும் அறிந்த விஷயம். வெள்ளத்தில் ஆவணங்களை இழந்தவர்களுக்கென்று அரசாங்கமே அந்த மாதம் சிறப்பு முகாம்களும் நடத்தியது. பதினான்கு ஆண்டுகளாகச் சேர்ந்திருந்த புகைப்படங்களுக்குத்தான் எந்தச் சார்பதிவாளரும் இல்லை. திருக்கடையூரில் எங்கள் பெற்றோருக்கு நடந்த சஷ்டியப்த பூர்த்தி, தமக்கையின் மகள் முதன்முதல் பள்ளிக்குப் போன நாள், இன்று உயிரோடு இல்லாத பலருடைய முகங்கள், எல்லாம் அந்த இரண்டு பெட்டிகளுக்குள் இருந்தன. ரிச்சி தெருவில் டிஸ்க் பழுது பார்க்கும் இளைஞர் ஒருவர் அதன் மூடியைக் கழற்றி, கண்ணாடிபோல் மின்ன வேண்டிய தட்டின்மேல் படிந்திருந்த மெல்லிய மண்படலத்தை விரலால் சுட்டி, “சார், தண்ணி மட்டும்னா ஏதாவது பண்ணிப் பார்க்கலாம். இது மண்ணு. ஹெட்டு ஓடினா கோடு போட்டுடும்” என்றார். பணமும் வாங்க மறுத்துவிட்டார்.

அதன் பிறகுதான், வீட்டுக்கு வெளியே, வெள்ளமும் நெருப்பும் ஒருசேர எட்டாத தூரத்தில், நம் வருமானத்துக்கு இசைந்த வாடகையில், சொந்தக் கோப்புகளை வைத்துக் காக்கும் இடம் ஒன்றைத் தேடலானேன். இன்று கிளவுட் என்று குழந்தைகளும் சொல்லும் இந்த வியாபாரத்தில் எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்று தீர்மானிக்க, கடை கடையாக விலைப் பட்டியலை ஒப்பிட்டுப் பார்த்ததைக் காட்டிலும், இந்த வியாபாரம் நடந்துவந்த வழியைத் தெரிந்துகொண்டதே எனக்கு மிகுந்த உபகாரமாயிற்று. அந்தச் சரித்திரத்தில் சிலவற்றை இங்கே எழுதுகிறேன்.

இரண்டாம் பிரதியை வாடகைக்கு வைத்துக் காப்பது கணினிக்கு முந்திய தொழில். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து லிவிங்ஸ்டன் என்னும் ஊருக்கு அருகே, இரும்புத் தாது தோண்டித் தீர்ந்துபோன சுரங்கம் ஒன்றை ஹெர்மன் க்னாஸ்ட் என்பவர் 1936இல் 9,000 டாலருக்கு வாங்கினார். அவர் காளான் பயிரிட்டு விற்றுப் பெரும்பொருள் ஈட்டியவர். இருளும் ஈரமும் குளிர்ச்சியும் காளானுக்கு உகந்தவை என்பதே வாங்கிய காரணம். இரண்டாம் உலகப் போருக்குப் பின், அடையாளச் சான்றுகளையெல்லாம் ஐரோப்பாவில் பறிகொடுத்துவிட்டு வந்து சேர்ந்த அகதிகளுக்கு உதவி செய்தபோது, காகிதத்தை இழந்தவன் ஊரையும் பெயரையும்கூட நிரூபிக்க முடியாமல் தவிப்பதை அவர் கண்டார். அணுகுண்டு பற்றிய அச்சமும் நாடெங்கும் பரவியிருந்த காலம் அது. 1951இல் அந்தச் சுரங்கத்தையே ஆவணக் காப்பகமாக மாற்றி, அயர்ன் மவுண்டன் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். முதல் வாடிக்கையாக வந்த ஈஸ்ட் ரிவர் சேவிங்ஸ் வங்கி, கணக்குப் பதிவேடுகளின் மைக்ரோஃபிலிம் சுருள்களையும், வாடிக்கையாளர் கையெழுத்திட்ட அட்டைகளின் பிரதிகளையும் காவல் வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கியது. மூலம் நகரத்தில், பிரதி மலைக்குள் என்ற அந்த ஏற்பாட்டில் இன்றைய கிளவுட் சேவையின் தத்துவம் முழுவதும் அடங்கியிருக்கிறது. அந்த வாடகையைக் கொடுக்க வங்கிகளாலும் பெரிய கம்பெனிகளாலும்தான் முடிந்தது என்பது ஒன்றே வேறுபாடு.

கணினித் தட்டும் பிறந்தபோதே வாடகைச் சரக்காகத்தான் பிறந்தது. 1956இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட ராமாக் என்னும் இயந்திரத்தில், இரண்டடி விட்டமுள்ள ஐம்பது தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுழன்றன. அத்தனையும் சேர்ந்து காத்தது ஐம்பது லட்சம் எழுத்துகள். அந்த இயந்திரத்தொகுதியின் மாத வாடகை 3,200 டாலர். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு படம் அந்த ஐம்பது தட்டுகளையும் நிரப்பிவிடக் கூடும்.

தனிமனிதருக்குப் பிரதி எடுக்கும் வசதி வந்தது ஃபிளாப்பி மூலமாக. 1.44 மெகாபைட் கொள்ளும் அந்தச் சதுர அட்டைகளை ஒரு பெட்டியில் அடுக்கி, ஓரத்தில் பென்சிலால் தேதி எழுதி வைத்திருந்தவர்களை நான் அறிவேன். பூஞ்சை பிடித்து அவை படிக்க முடியாமற் போனதையும் அறிவேன். பிறகு குறுந்தகடு வந்தது. இவற்றில் எதுவும் வீட்டை விட்டு வெளியே போகவில்லை. போக வழியும் இல்லை. தொலைபேசிக் கம்பியில் நொடிக்கு 56 கிலோபிட் வேகத்தில் இயங்கிய மோடம், தன் முழு வேகத்தோடு இடைவிடாமல் ஓடினாலும் ஒரு ஜிகாபைட்டைக் கடத்த ஏறத்தாழ நாற்பது மணி நேரம் வேண்டும். வெளியே அனுப்பும் திசையில் அந்த வேகமும் கிடையாது. அந்த நிலையிலும் 1999இல் எக்ஸ்டிரைவ் போன்ற இணையக் கிடங்குகள் திறக்கப்பட்டன. எக்ஸ்டிரைவை 2005இல் ஏ.ஓ.எல். வாங்கியது, 2009 ஜனவரியில் மூடியது. கிடங்கு கைமாறுவதும், கைமாறியபின் மூடப்படுவதும் இந்தத் தொழிலில் ஆரம்பத்திலேயே தோன்றிவிட்ட வழக்கங்கள்.

2004 ஏப்ரலில் கூகுள் ஒரு ஜிகாபைட் இடத்தோடு இலவசமாக ஜிமெயிலைக் கொடுத்தபோது, மற்ற அஞ்சல் சேவைகள் சில மெகாபைட்டுகளே தந்துகொண்டிருந்தன. தமக்குத் தாமே கடிதம் எழுதி, அதில் கோப்பை இணைத்து அனுப்பிச் சேமித்துக்கொள்ளும் வழக்கம் அப்போது பரவியது. அஞ்சற்பெட்டியையே ஒரு டிஸ்க் போல் பயன்படுத்த உதவும் மென்பொருளைக்கூட அந்த ஆண்டே எழுதிவிட்டார்கள். வெளியூரில் ஒரு பிரதி வேண்டும் என்ற ஏக்கம் சாமானியருக்கு எவ்வளவு இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

2006 மார்ச்சில் அமேசான் நிறுவனம் எஸ்3 என்ற சேவையைத் தொடங்கி, ஒரு ஜிகாபைட்டுக்கு மாதம் 15 சென்ட் வாடகையும், ஏற்றி இறக்க ஜிகாபைட்டுக்கு 20 சென்ட் கூலியும் என்று விலை வைத்தது. நூறு ஜிகாபைட் வைத்திருப்பவர் மாதந்தோறும் 15 டாலர் தர வேண்டும். அதே காலத்தில் யூட்டா மாநிலத்து மோசி என்ற சேவை, எவ்வளவு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், மாதம் 4.95 டாலர் போதும் என்றது; பாஸ்டன் நகரத்துக் கார்பனைட்டும் ஆண்டுக்கு ஏறக்குறைய ஐம்பது டாலருக்கு எல்லையில்லா இடம் தந்தது. ஒரே சரக்கு ஓரிடத்தில் அளந்தும், மற்றோரிடத்தில் அளவின்றியும் விற்கப்பட்டது எப்படி?

திருவல்லிக்கேணி மெஸ்களில் அளவுச் சாப்பாடு, அளவில்லாச் சாப்பாடு என்று இரண்டு விலை எழுதியிருப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு எளிதில் விளங்கும். வருகிறவர்களில் பெரும்பாலோர் மூன்றாம் முறை சாதம் கேட்க மாட்டார்கள் என்பது முதலாளிக்குத் தெரியும். ஆறு முறை கேட்கும் இருவருக்கு ஆகும் செலவை, இரண்டு முறையோடு எழுந்துவிடும் ஐம்பது பேர் ஈடுகட்டுகிறார்கள். பேக்கப் வியாபாரத்திலும் பலர் வைத்தது கொஞ்சம்; சிலர் வைத்தது மலைபோல். இவற்றோடு, ஹார்டு டிஸ்கின் விலை ஆண்டுதோறும் சரிந்துகொண்டே வந்ததால், இன்று நஷ்டமாகத் தோன்றும் வாடிக்கை இரண்டாண்டில் லாபமாகிவிடும் என்ற நம்பிக்கையும் இருந்தது. ஆகவே, எல்லையற்ற சேவையின் ஆயுள், பிறர் எவ்வளவு உண்பார்கள் என்பதையும், அரிசி விலை இறங்குமா என்பதையும் பொறுத்ததாயிற்று. வாங்குகிறவர் கையில் இரண்டுமே இல்லை.

அரிசி விலை ஏறிய கதை ஒன்று உண்டு. இந்தச் சரித்திரத்தில் என் மனத்தை மிகவும் கவர்ந்த பகுதி அதுவே. 2007இல் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் ஒரு சிறிய குடியிருப்பில் ஐந்து நண்பர்கள் பேக்பிளேஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, மாதம் 5 டாலருக்கு அளவில்லா இடம் என்று விற்றனர். அமேசானிடம் இடம் வாங்கி விற்றால் கட்டாது. பெரிய நிறுவனங்களின் சேமிப்பு இயந்திரங்களை வாங்கினாலும் கட்டாது. ஆகையால் தாங்களே ஒரு பெட்டியைச் சமைத்தார்கள். சிவப்பு வர்ணம் பூசிய இரும்புப் பெட்டி. அதற்குள் சாதாரண வீட்டுக் கணினிகளில் போடும் ஹார்டு டிஸ்குகள் நாற்பத்தைந்து, செங்குத்தாக, நெல்மூட்டைகள்போல் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றும் ஒன்றரை டெராபைட். ஆக ஒரு பெட்டிக்கு 67 டெராபைட். செலவு 7,867 டாலர். 2009 செப்டம்பரில் அந்தப் பெட்டியின் வரைபடத்தையும், அதில் செல்லும் திருகாணி வரைக்கும் கணக்கையும், யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று ஊரறிய வெளியிட்டுவிட்டார்கள். ஒரு வியாபாரி தன் அடக்க விலையை வாடிக்கைக்காரருக்குக் காட்டுவது எந்தத் தொழிலிலும் அபூர்வம். விலையை நம்பலாமா என்று தீர்மானிக்க அதைவிட நல்ல உபகரணம் கிடையாது.

2011 அக்டோபரில் தாய்லாந்தில் பெருவெள்ளம் வந்தது. உலகத்தில் செய்யப்படும் ஹார்டு டிஸ்குகளில் கணிசமான பங்கு அந்த நாட்டில் உருவாயிற்று. அயுத்தயா மாகாணத்தில் பாங் பா இன் என்னும் இடத்திலிருந்த வெஸ்டர்ன் டிஜிட்டல் தொழிற்சாலை நீரில் மூழ்கியது. சில வாரங்களுக்குள் டிஸ்குகளின் விலை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று ஏறியது. கொடுக்கப் பணம் இருந்தாலும் மொத்தமாகச் சரக்குக் கிடைக்கவில்லை. நாள்தோறும் வாடிக்கைக்காரர் கோப்புகள் வந்து குவிந்துகொண்டிருக்க, பேக்பிளேஸ் ஊழியர்களும் அவர்களுடைய நண்பர்களும் உறவினர்களும் காஸ்ட்கோ, பெஸ்ட் பை முதலிய கடைகளுக்குக் காரில் சென்று, வீட்டு உபயோகத்துக்காக விற்கப்பட்ட மூன்று டெராபைட் வெளிப்புற டிஸ்குகளை வாங்கலானார்கள். ஒருவருக்கு இரண்டுதான் என்று கடைக்காரர்கள் வரம்பு வைத்தபோது, ஊர் ஊராகச் சென்று இரண்டிரண்டாக வாங்கினார்கள். கொண்டுவந்ததை மேஜைமேல் குவித்து, பிளாஸ்டிக் உறையை நெம்பிக் கழற்றி, உள்ளிருந்த டிஸ்கை மட்டும் எடுத்துச் சிவப்புப் பெட்டியில் சொருகினார்கள். இவ்விதம் சேர்ந்தது 5.5 பெட்டாபைட். வாடிக்கைக்காரரிடம் வாங்கிய 5 டாலரை அப்போது உயர்த்தவில்லை. ஒரு நாட்டில் பெருகிய வெள்ளத்தால் வேறொரு கண்டத்தில் இருப்பவனுடைய பிள்ளைப் பருவப் படம் வைக்கும் வாடகை அசையக் கூடும் என்பதை நான் அதற்குமுன் நினைத்துப் பார்த்ததே இல்லை.

அளவில்லாச் சாப்பாட்டுப் பலகைகள் ஒவ்வொன்றாகக் கீழிறங்கிய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மோசி 2011 பிப்ரவரியில் அந்தப் பலகையைக் கைவிட்டு, 50 ஜிகாபைட்டுக்கு 5.99 டாலர் என்று அளந்து விற்கலாயிற்று. படங்களும் வீடியோக்களும் பெருத்துவிட்டன என்பது காரணம். மைக்ரோசாஃப்ட் 2014இல் ஒன்டிரைவில் எல்லையற்ற இடம் தருவதாக அறிவித்து, ஓராண்டு கழித்து, சராசரி மனிதர் வைப்பதுபோல் 14,000 மடங்கு, 75 டெராபைட்டுக்கும் மேல், சிலர் வைத்துவிட்டார்கள் என்று சொல்லித் திரும்பப் பெற்றுக்கொண்டது. அமேசான் 2015இல் ஆண்டுக்கு 60 டாலருக்கு எல்லையின்றித் தந்ததை 2017இல் நிறுத்தியது. கூகுள் போட்டோஸ் இலவசமாக எண்ணிக்கையின்றி ஏற்றுக்கொண்ட படங்களை 2021 ஜூன் முதல் தேதியிலிருந்து கணக்கில் எண்ணத் தொடங்கியது. பேக்பிளேஸ் இன்றும் அளவின்றித்தான் விற்கிறது. ஆனால் அந்த 5 டாலர் 2019இல் 6, 2021இல் 7, 2023இல் 9 என்று ஏறியிருக்கிறது.

இவற்றுள் கிராஷ்பிளான் மறைந்ததற்கு மட்டும் நான் மெய்யாகவே வருந்துகிறேன். மினியாபொலிஸ் நகரத்துக் கோட்42 நிறுவனம் நடத்திய அந்தச் சேவையில், பணம் கட்டி அவர்கள் கிடங்கில் வைப்பது ஒரு வழி. பணமே கட்டாமல், தூரத்து ஊரிலுள்ள நண்பர் வீட்டுக் கணினியில் நம் பிரதியையும், நம் கணினியில் அவர் பிரதியையும், ஒருவர் மற்றவருடையதைப் படிக்க முடியாதபடி பூட்டி வைத்துக்கொள்வது மற்றொரு வழி. ஊருக்குப் போகும்போது நகைப்பெட்டியைப் பங்காளி வீட்டில் கொடுத்துவிட்டுப் போகும் நம் பழைய வழக்கத்துக்கு ஒப்பானது அது. 2017 ஆகஸ்டு 22 அன்று, இனி வீடுகளுக்குச் சேவை இல்லை, தொழில் நிறுவனங்களுக்கு மட்டுமே என்று அறிவித்து, பதினான்கு மாத அவகாசம் கொடுத்து மூடினார்கள். அவகாசம் கொடுத்ததை மறக்கக் கூடாது. 2012 ஜனவரியில் அமெரிக்க அரசு மெகாஅப்லோட் என்னும் இணையக் கிடங்கைக் கைப்பற்றியபோது, களவுச் சரக்கோடு கலந்து அங்கே தம் சொந்தக் கோப்புகளையும் வைத்திருந்தவர்களுக்கு ஒரு நாள் அவகாசமும் இருக்கவில்லை.

நம் ஊரில் இந்தச் சேவைகள் வேரூன்றத் தாமதமானதற்கு விலை மட்டும் காரணம் அன்று. தொலைபேசிக் கம்பி வழியாக வந்த பிராட்பேண்ட் இணைப்புகள், இறக்கும் வேகத்தைக் காட்டிலும் ஏற்றும் வேகம் மிகக் குறைவாக அமைந்தவை. ஏற்றும் வேகம் நொடிக்கு ஒரு மெகாபிட் என்று வைத்துக்கொண்டால், 500 ஜிகாபைட் போய்ச் சேர நாற்பத்தாறு நாள் ஆகும். என் முதல் முயற்சியே இரண்டு மாதத்துக்கு மேல் இழுத்தது. மின்சாரம் நின்று நின்று வந்த நாட்களில், விட்ட இடத்திலிருந்து தொடர்கிறதா, முதலிலிருந்து தொடங்குகிறதா என்று இரவில் எழுந்து பார்ப்பேன்.

இன்னொரு இடறல் பிறகு வந்தது. 2021 அக்டோபர் முதல், அட்டையிலிருந்து மாதந்தோறும் தானாகப் பணம் எடுப்பதற்கு ரிசர்வ் வங்கி வகுத்த புதிய உறுதிப்பாட்டு முறை நடைமுறைக்கு வந்தபோது, அதற்கு ஆயத்தமாகாத வெளிநாட்டு நிறுவனங்கள் பலவற்றால் நம்மிடம் பணம் எடுக்க முடியவில்லை. விதி நல்ல நோக்கமுடையதுதான். ஆனால் நான் சேர்ந்திருந்த சேவையிலிருந்து வந்த எச்சரிக்கைகள், நான் அபூர்வமாகவே திறக்கும் பழைய அஞ்சல் முகவரிக்குப் போயின, கெடு கடந்தது, இரண்டு மாத உழைப்பில் ஏறிய பிரதி முழுவதையும் அழித்துவிட்டார்கள். மூலம் கையில் இருந்ததால் பிழைத்தேன். வாடகை எவ்வளவு என்று கேட்டவன், வாடகை தவறினால் எத்தனை நாள் பொறுப்பார்கள் என்று கேட்காமல் விட்டது என் அநுபவத்தில் பெரிய பிழை.

மலிவு என்ற சொல்லையும் சற்றே நின்று ஆராய வேண்டும். அமேசான் 2019இல் தொடங்கிய கிளேசியர் டீப் ஆர்க்கைவ் சேவையில் ஒரு டெராபைட்டுக்கு மாத வாடகை ஏறக்குறைய ஒரு டாலர். கேட்டவுடன் மனம் தாவுகிறது. ஆனால் வைத்ததை ஆறு மாதத்துக்குள் எடுத்தாலும் ஆறு மாத வாடகை உண்டு. கேட்டால் பன்னிரண்டு மணி நேரம் வரை காத்திருக்க வேண்டும். அதன்பின் இணையத்தின் வழியே வெளியே இறக்க அவர்களுடைய பொது விலை ஜிகாபைட்டுக்கு 9 சென்ட். ஒரு டெராபைட் முழுவதையும் மீட்க ஏறத்தாழ 90 டாலர், அதாவது ஏழு ஆண்டு வாடகைக்கு மேல், ஒரே நாளில். வீட்டில் வெள்ளம் புகுந்த வாரத்தில் அந்தப் பணத்தைத் தேடுவது யாருக்கும் எளிதன்று. அபாயம் வரவே வராது என்ற உறுதியுடையவருக்கு அது மலிவு. அப்படிப்பட்டவர் பிரதியே எடுக்க வேண்டியதில்லை.

பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பரப்பிய கணக்கு ஒன்று இன்று இத்துறையில் எல்லோரும் சொல்வது: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியூரில். என் வீட்டில் இப்போது அதுவே நடக்கிறது. கணினியில் மூலம்; ஒரு ஹார்டு டிஸ்க் மாடியில் பரண்மேல்; மூன்றாவது பிரதி, எல்லையில்லாத இடம் என்று சொல்லாமல், டெராபைட்டுக்கு மாதம் 6 டாலர் என்று அளந்து விற்கும் ஒரு சேவையில். என்னுடையதும் தமக்கையாருடையதுமாக 380 ஜிகாபைட். மாதம் இருநூறு ரூபாய் அளவில் ஆகிறது. அளந்து விற்பவருக்கு நான் அதிகம் வைத்தால் லாபம். அளவின்றி விற்பவருக்கு நான் குறைவாக வைத்தால்தான் லாபம். இந்த ஒரு வேற்றுமைதான் என் தேர்வைத் தீர்மானித்தது. கைப்பேசிப் படங்கள் மட்டுமே உள்ள என் சிற்றன்னைக்கு, மாதம் 130 ரூபாய்க்குக் கூகுள் தரும் 100 ஜிகாபைட்டே போதும் என்று அதையே எடுத்துக் கொடுத்தேன். எங்கள் மூன்றாவது பிரதியோ, பூட்டும் கடவுச்சொல்லை மறந்தால் நிறுவனத்தாராலும் திறக்க முடியாத ஏற்பாடு என்பதால், அச்சொல்லை ஒரு தாளில் எழுதி, தமக்கையாரின் வங்கிப் பெட்டகத்தில், நகைகளோடு வைத்திருக்கிறோம்.

வைத்தது திரும்ப வருகிறதா என்று ஆண்டுக்கொரு முறை தை மாதத்தில் ஏதாவது ஒன்றைக் கேட்டுப் பார்ப்பது வழக்கம். சென்ற தையில் தமக்கையாரே பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு ஓர் உறையைத் தொட்டார். வந்தது, சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்த வெள்ளத்துக்குப் பிறகு வாங்கிய கிரயப் பத்திர நகல். வரி வரியாகத் தெளிவாக இருந்தது. நான்காம் பக்கத்து ஓரத்தில், ஸ்கேன் செய்தபோது தாளைப் பிடித்திருந்த அவருடைய கட்டைவிரலும் விழுந்திருந்தது.